‘கேன்சல்ல’ ஊருக்குப் போகும்போது

துபாயிலும் ஷார்ஜாவிலும் இருக்கும் நம் ஆட்களிடம் “லீவுல போறேன்” என்று சொன்னால், “எத்தனை நாள்?” என்று கேட்பார்கள். “கேன்சல்ல போறேன்” என்று சொன்னால் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, “மொத்தமாவா?” என்று கேட்பார்கள். இந்த அத்தியாயம் அப்படி மொத்தமாகக் கிளம்பும் கணவன் மனைவிக்கு. அமீரகத்தை வைத்தே எழுதுகிறேன். சவூதி, குவைத், கத்தாரில் அலுவலகங்களின் பெயரும் நாள் கணக்கும் வேறு. சவூதியில் ‘ஃபைனல் எக்ஸிட்’ அடித்த நாளிலிருந்து 60 நாளுக்குள் வெளியேற வேண்டும். ஆனால் எதை முடித்த பிறகு எதைத் தொட வேண்டும் என்ற வரிசை எங்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

நானும் என் மனைவியும் ஷார்ஜா அல் நஹ்தாவில் பதினோரு ஆண்டுகள் இருந்தோம். திருச்சிக்கு வந்த பிறகும் ஏழு மாதம் எங்களைத் துரத்தியது ஒரு பழைய கிரெடிட் கார்டு. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வங்கிக்காரர் அலுவலகத்துக்கே வந்து கொடுத்தது. இரண்டு முறை தேய்த்திருப்பாள், அவ்வளவுதான். அலமாரியில் எங்கோ கிடந்த அந்த அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், அதற்குத் தாமதக் கட்டணம், இரண்டுக்கும் வட்டி என்று ஏறிக்கொண்டே போயிருக்கிறது. வங்கியை அழைத்தால், “உங்கள் அமீரக எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம், சொல்லுங்கள்” என்றார்கள். அந்த எண்ணைக் கிளம்பிய வாரமே விட்டுவிட்டோம். இருபது மின்னஞ்சல்களுக்குப் பிறகு, ஷார்ஜாவிலேயே இருக்கும் ஒரு நண்பர் அதிகாரப் பத்திரத்தோடு கிளைக்கு இரண்டு முறை அலைந்து அதை மூடினார். தொகை பெரிதில்லை. அந்த ஏழு மாதத் தூக்கம் பெரிது.

அதில் நாங்கள் கற்றது ஒன்றே. அமீரகத்தில் உங்களுக்கு இருக்கும் எல்லாமும், வங்கிக் கணக்கு, செல்பேசி எண், வீட்டு ஒப்பந்தம், மின் இணைப்பு, வண்டி, காப்பீடு, எமிரேட்ஸ் ஐடியில்தான் தொங்குகின்றன. விசா ரத்தானால் அந்த ஐடி செல்லாது. ஆகவே ஐடி உயிரோடு இருக்கும்போதே மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, விசாவைக் கடைசியில் தொட வேண்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ராஜினாமா கொடுத்த மறுவாரமே டிக்கெட், அதன் பிறகு கார்கோ, அதன் பிறகு விருந்துகள் என்று போய், வங்கி ஞாபகம் வருவது விமான நிலையத்தில்.

முதலில் ஒரு நோட்டு

நோட்டீஸ் கொடுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே இருவரும் உட்கார்ந்து ஒரே நோட்டில் எழுதுங்கள். யார் பெயரில் என்ன இருக்கிறது என்பதுதான் அந்த நோட்டு. சம்பளக் கணக்கு, சேமிப்புக் கணக்கு, ஒவ்வொரு கிரெடிட் கார்டு, கடன், வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கும் செக், கம்பெனியிடமோ வங்கியிடமோ பாதுகாப்புக்காகக் கொடுத்த செக், தண்ணீர்–மின்சாரக் கணக்கு, வைஃபை, இரண்டு சிம், சாலிக், வண்டிக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், உடற்பயிற்சிக் கூடத்தின் மாதப் பிடித்தம் வரைக்கும்.

இதில் மனைவியின் பெயரில் இருப்பவற்றை மனைவியே எழுத வேண்டும். கணவனே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட வீடுகளில், மனைவிக்கு எந்த வங்கியில் கடன் இருக்கிறது என்பதே தெரியாமல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல. பல குடும்பங்களில் மார்ச் முடிந்ததும் மனைவியும் பிள்ளைகளும் முன்னால் போவார்கள். கணவன் வீட்டைக் காலி செய்துவிட்டு பெட் ஸ்பேஸில் இரண்டு மூன்று மாதம் இருந்து கணக்கு முடித்து வருவார். அப்படியானால் மனைவி விமானம் ஏறுவதற்கு முன்பே அவள் பெயரில் உள்ள ஒவ்வொன்றும் முடிந்திருக்க வேண்டும். அவள் கையெழுத்தும் முகமும் தேவைப்படும் இடத்தில் கணவன் எத்தனை முறை போய் நின்றாலும் வேலை நடக்காது.

கணக்கு முடிப்பும் கையெழுத்தும்

அமீரகத்தின் இப்போதைய தொழிலாளர் சட்டம் 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் ஆணை. 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் உள்ளது. நோட்டீஸ் காலம் குறைந்தது 30 நாள், அதிகபட்சம் 90 நாள். உங்கள் ஒப்பந்தத்தில் எது எழுதியிருக்கிறதோ அது. ஓராண்டுக்கு மேல் வேலை செய்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். கணக்கு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும். வீட்டு வாடகைப் படியும் வண்டிப் படியும் அதில் வராது. மாதம் 8,000 திர்ஹம் வாங்கும் ஒருவருக்கு ஒப்பந்தத்தில் அடிப்படை 4,000 என்று இருக்கலாம். ஒன்பது ஆண்டு வேலை என்றால் முதல் ஐந்துக்கு 105 நாள், அடுத்த நான்குக்கு 120 நாள், ஆக 225 நாள். நாள் சம்பளம் 4,000-ஐ 30-ஆல் வகுத்தது. கையில் வருவது 30,000 திர்ஹம். அவர் மனதில் 60,000 என்று போட்டு ஊரில் மனைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் என்ன ஆகும்? நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே தொழில் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தத்தை எடுத்து அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்கள். எடுக்காத விடுப்புக்கும் பணம் உண்டு. அதுவும் அடிப்படைச் சம்பளத்தில்தான். சம்பளமில்லா விடுப்பில் இருந்த நாட்கள் சேவைக் காலத்தில் கழியும்.

கணவர் விசாவில் இருந்துகொண்டு வேலை பார்க்கும் பெண்களில் பலர், “எனக்கு கம்பெனி விசா இல்லையே, கிராஜுவிட்டி கிடையாதாம்” என்று விட்டுவிடுகிறார்கள். விசா யார் பெயரில் இருந்தாலும், வேலை அனுமதி அட்டை எடுத்து வேலை செய்தவருக்குச் சட்டம் ஒன்றுதான். கேட்டு வாங்குங்கள்.

எல்லாப் பாக்கியையும் வேலை முடிந்த 14 நாளுக்குள் கம்பெனி கொடுத்தாக வேண்டும். ஊர் டிக்கெட்டும் கம்பெனியைச் சேர்ந்தது. நீங்கள் வேறு கம்பெனிக்கு மாறினாலோ, உங்கள் பக்கத்துக் காரணத்தால் வேலை முடிந்தாலோ அது பொருந்தாது. ஒப்பந்தத்தில் டிக்கெட் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழைக் கட்டணமின்றித் தர வேண்டியதும் அவர்கள் கடமை.

இனி மிக முக்கியமான தாள். லேபர் கேன்சல் படிவத்தில் ‘என் பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரி இருக்கும். பிஆர்ஓ அதை நீட்டி, “இது சும்மா ஃபார்மாலிட்டி, பணம் அடுத்த வாரம் கணக்கில் விழும்” என்பார். அவர் நல்லவராகவே இருக்கலாம். பணம் கணக்கில் விழுந்த குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். தராவிட்டால் தொழில் அமைச்சகத்தின் ஆலோசனை எண் 80084. அங்கே புகார் பதியலாம். 50,000 திர்ஹம் வரையான கோரிக்கைகளில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் 2024 முதல் இருக்கிறது. இந்தியர்களுக்குத் தூதரகத்தின் உதவி மையம் 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் இருக்கிறது. தமிழில் பேச ஆள் கேட்கத் தயங்க வேண்டாம்.

வங்கி

கடன் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். வேலை முடிந்த தகவல் கிடைத்ததும், கணக்கில் வந்து விழும் இறுதித் தொகையை வங்கி நிறுத்திவைக்கலாம். கடனும் கார்டும் தீரும் வரை அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. ஆகவே மேலாளரைப் பார்த்து, “மொத்தமாகப் போகிறேன், பாக்கி எவ்வளவு?” என்று நீங்களே முதலில் கேட்டு, எழுத்தில் வாங்கி, அடைத்துவிடுங்கள். கார்டை மூட விண்ணப்பித்த பிறகு முழுமையாக மூடுவதற்குப் பல வங்கிகள் 45 நாள் வரை எடுத்துக்கொள்கின்றன. அந்த நாட்களுக்காகத்தான் இரண்டு மாதம் முன்பே நோட்டைத் திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு வங்கியிலிருந்தும் பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். பயன்படுத்தாத கார்டுக்கும் வாங்குங்கள். கொடுத்துவைத்த பாதுகாப்புச் செக்கைத் திரும்பப் பெறுங்கள்.

“ஊருக்குப் போயிட்டா யாரு கேக்கப் போறாங்க” என்று சொல்லிக்கொடுக்கும் நண்பர்கள் இருப்பார்கள். அந்த அறிவுரையைக் கேட்டவர்களுக்குப் பயணத் தடை வந்திருக்கிறது. வேறு வளைகுடா நாட்டில் வேலை கிடைத்துப் போகும் வழியில் துபாய் விமான நிலையத்தில் நின்றவர்களும் உண்டு. உங்கள் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று எமிரேட்ஸ் ஐடியை வைத்தே துபாய் போலீஸ் செயலியிலும், அபுதாபி என்றால் நீதித் துறையின் ‘எஸ்தஃப்சர்’ சேவையிலும் பார்க்கலாம். நடத்தைச் சான்றையும் இப்போதே எடுத்துவையுங்கள். பிற்பாடு கனடாவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ விண்ணப்பித்தால், இங்கே வாழ்ந்த ஆண்டுகளுக்கு அதைக் கேட்பார்கள்.

பணத்தை வங்கி வழியாகவோ எக்ஸ்சேஞ்ச் வழியாகவோ மட்டும் அனுப்புங்கள். உண்டியலில் போட்டால் ரூபாய்க்கு இரண்டு பைசா கூடக் கிடைக்கலாம். அது சட்டவிரோதம் என்பதோடு, நாளைக்கு ஊரில் வீடு வாங்கும்போது ‘இந்தப் பணம் எங்கிருந்து வந்தது’ என்ற கேள்விக்கு உங்களிடம் தாள் இருக்காது.

ஓடிபி வரும் எண்ணை, இந்திய வங்கிகளில் உட்பட, கிளம்புவதற்கு முன்பே இந்திய எண்ணுக்கு மாற்றிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். அமீரக சிம்மைக் கடைசி வைப்புத்தொகை திரும்பி வரும் வரை விடாதீர்கள்.

வீடு, வண்டி, பக்காலா

வாடகை ஒப்பந்தம் பாதியில் முறிந்தால் என்ன இழப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே படியுங்கள். இரண்டு மாத வாடகை என்று எழுதியிருப்பது சாதாரணம். முடிந்தால் ஒப்பந்தம் தீரும் மாதத்தோடு பயணத்தைப் பொருத்துங்கள். அந்த ஒரு முடிவு மிச்சப்படுத்தும் பணத்தில் இரண்டு பேருக்கும் டிக்கெட்டும் கார்கோவும் ஆகிவிடும். துபாயில் எஜாரியை ரத்து செய்ய வேண்டும். தேவாவில் அடுக்ககத்துக்குக் கட்டிய 2,000 திர்ஹம், வில்லாவுக்குக் கட்டிய 4,000 திர்ஹம் வைப்புத்தொகை, கடைசி பில் கழித்துத் திரும்ப வரும். அது வந்து சேரும் வங்கிக் கணக்கை அதற்குப் பிறகுதான் மூட வேண்டும். வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்கும்போது ஒவ்வொரு அறையையும் படமெடுத்து வையுங்கள்.

வண்டி விற்க ஒரு மாதமாவது வேண்டும். அபராதங்கள் தீர்ந்தால்தான் பெயர் மாறும். கடைசி வாரத்தில் விற்பவரின் முகத்தைப் பார்த்தே வாங்குபவர் விலையைக் குறைத்துவிடுவார். சோபாவையும் கட்டிலையும் விற்கும்போதும் இதே கதைதான். யாரும் வாங்காததைக் குப்பைத் தொட்டி ஓரத்தில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், முனிசிபாலிட்டியைக் கூப்பிட்டால் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

கீழே இருக்கும் பக்காலாவில் நோட்டு வைத்து வாங்கியிருப்பீர்கள். நள்ளிரவில் பாலும் தயிரும் மேலே அனுப்பிய அந்த மலையாளிப் பையனின் கணக்கைத் தீர்த்துவிட்டு, நேரில் சொல்லிக்கொண்டு கிளம்புங்கள். வாட்ச்மேனுக்கும் அப்படியே.

பிள்ளைகளின் தாள்கள்

அங்கே பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்த சான்றும் வேண்டும். இந்த இரண்டையும் ஊருக்கு வந்து வாங்க முயல்பவர்கள் படும் பாட்டைச் சொல்லி மாளாது. தடுப்பூசி அட்டை, பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல்கள். மாற்றுச் சான்றிதழில் எந்த அலுவலகத்தின் முத்திரை வேண்டும் என்று ஊரில் சேர்க்கப்போகும் பள்ளியிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பெற்றோர் கடைசி வரை யோசிப்பதில்லை. அமீரகத் தனியார் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு வரை அரபி கட்டாயம். இரண்டாம் மொழியாகப் பெரும்பாலான பிள்ளைகள் இந்தியோ பிரெஞ்சோ படித்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை எழுதவும் தெரிந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து, பக்கத்து மாணவன் செய்யுள் ஒப்பிக்கும்போது தான் ‘ழ’ எழுதப் பழகும் பிள்ளை கூசிப்போகும். முடிவெடுத்த நாளிலிருந்தே தினம் அரை மணி நேரம் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து எழுத வையுங்கள். கார்கோவைவிட இதுதான் அவசரம்.

எந்த மாதம் இறங்குவது

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் மார்ச்சில் முடிகின்றன. அதனால் ஏப்ரலில் இறங்குவது பிள்ளைகளுக்கு நல்லது. ஜூலை, ஆகஸ்டில் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். வரிக்கணக்குக்கு வேறு நாள். நம் நிதியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அதில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டு நீங்கள் இங்கு வசிப்பவர். ஆண்டுக்கு ஒரு மாத லீவில் மட்டும் வந்துபோனவர்கள் அக்டோபர் முதல் வாரத்துக்குப் பிறகு இறங்கினால் அந்த ஆண்டுக்கு வெளிநாடு வாழ்பவராகவே நிற்பார்கள். அதே நிதியாண்டில் ஜூலையில் லீவுக்கு வந்திருந்தால் அந்த நாட்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இந்தியாவில் இருந்தவர்களுக்கு வரம்பு 182 இல்லை, 60 நாள்.

பிள்ளைகளுக்காக ஏப்ரலில் வருபவர்கள் பயப்பட வேண்டாம். முந்தைய பத்து ஆண்டுகளில் ஒன்பதில் வெளிநாடு வாழ்பவராக இருந்தவருக்கும், முந்தைய ஏழு ஆண்டுகளில் 729 நாளுக்கு மிகாமல் இந்தியாவில் இருந்தவருக்கும் ‘வழக்கமாக வசிக்காதவர்’ என்ற நிலை கிடைக்கும். அந்த நிலையில் வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே பெற்ற வருமானத்துக்கு இங்கே வரியில்லை. ‘அங்கேயே பெற்ற’ என்பதைக் கவனியுங்கள். கிராஜுவிட்டியை நேராக இந்தியக் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். முதலில் அமீரகக் கணக்கில் வாங்கி, பிறகு நீங்கள் அனுப்புங்கள். நிரந்தரமாக வந்தபின் என்ஆர்ஈ கணக்கைச் சாதாரணக் கணக்காகவோ, டாலர் போன்ற வெளிநாட்டுப் பணமாக வைத்திருக்க ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்ற வேண்டும். மாற்றாமலே வைத்துக்கொண்டு வட்டிக்கு வரியில்லை என்று எண்ணுவது தவறு.

மருத்துவக் காப்பீடும் மாதக் கணக்குதான். அமீரகக் காப்பீடு விசாவோடு போய்விடும். இந்தியாவில் புதிதாக எடுக்கும் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்பு வைக்கலாம். ஐம்பதை நெருங்கும் தம்பதிகள் அங்கே இருக்கும்போதே இந்தியக் காப்பீட்டை எடுத்து ஓடவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள்.

பெட்டியும் கடைசி வாரமும்

ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் சுங்க வரியின்றிக் கொண்டுவரக்கூடிய தங்கம் ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம், நகையாக மட்டும். காசும் கட்டியும் இதில் சேராது. மேலே இருந்தால் அறிவித்து வரி கட்டுங்கள். பதினோரு ஆண்டு உழைப்பை ஒரு வளையலுக்காக விமான நிலையத்தில் தலைகுனிய விடாதீர்கள். எல்லாருக்கும் கோடாலித் தைலமும் பால்மாவும் சோப்பும் வாங்கிக் குவிக்கும் காலம் போய்விட்டது. அவை எல்லாம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கின்றன. அசல் சான்றிதழ்களைக் கார்கோவில் போடவே கூடாது. கைப்பையில், இருவருக்கும் தனித்தனி உறை.

இனி விசா. குடும்பத்தினர் விசாவை முதலில் ரத்து செய்து, அதன் பிறகுதான் குடும்பத் தலைவரின் விசாவை ரத்து செய்ய முடியும். ரத்துத் தாளில் வெளியேற வேண்டிய கடைசி நாள் இருக்கும். விசா வகையைப் பொறுத்து அவகாசம் 30 நாளிலிருந்து 180 நாள் வரை மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்த நாட்களை நம்பாமல் உங்கள் தாளைப் பாருங்கள். தாண்டினால் ஆளுக்கு, நாளுக்கு 50 திர்ஹம் அபராதம். ரத்துத் தாளின் படியை இருவரும் செல்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மாலையையாவது எந்த அலுவலகமும் இல்லாமல் வையுங்கள். நாங்கள் புர் துபாயிலிருந்து தேராவுக்கு ஒரு திர்ஹம் அப்ராவில் இருமுறை போய்வந்தோம். பதினோரு ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து அதில் ஏறியது அதுதான் மூன்றாவது தடவை. “ஏங்க, இவ்வளவு பக்கத்துல இருந்துட்டு வரவே இல்லையே” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

போவதா இன்னும் இரண்டு ஆண்டு இருப்பதா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யாமல் இருக்கலாம். அப்படியிருந்தாலும் இன்றிரவு சாப்பிட்ட பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த நோட்டைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் அலமாரியில் கிடக்கும் கார்டுகளின் பெயரை எழுதுங்கள்.